முதல் 45 ஆர்பிஎம் தட்டு வாங்கும் முன்: ஆரம்பகால ஆர் அண்ட் பி, டூ-வாப், சோல் கேட்கத் தொடங்குபவருக்கு

1940களின் பின்பாதி முதல் 1960களின் முடிவு வரை அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பதிவு செய்த ரிதம் அண்ட் புளூஸ், டூ-வாப், சோல் பாடல்களைக் கேட்பதற்கு இன்று தடை ஏதும் இல்லை. கைப்பேசியில் பெயரைத் தட்டினால் பாடும். சிக்கல் என்னவென்றால், ஒரே பாட்டு ஐந்து உருவில் உலவுகிறது: முதலில் வந்த தட்டு, வேறு குழு பாடிய நகல், அதே பாடகர் 15 வருடம் கழித்துத் திரும்பப் பாடியது, மோனோவை (ஒற்றைத் தட ஒலியை) கெடுத்து ஸ்டீரியோ ஆக்கியது, கள்ளத்தட்டு. புதிதாக வருகிறவர்கள் பணத்தையும் பொறுமையையும் இழப்பது இங்கேதான். ஆகவே கீழே வரும் எல்லாப் படியிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

கேட்பதற்காக மட்டும் வாங்கினால் செலவு பெரிதாக இல்லை. தட்டு சுழலும் மேசை, ஊசி, முதல் 10 "45" தட்டுகள் (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும், பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறிய தட்டு; சிங்கிள் என்பதும் இதுதான்), தபால் எல்லாம் சேர்த்தால் தோராயமாக 300 முதல் 450 அமெரிக்க டாலர். அவசரப்படாமல் செய்தால் மூன்று மாதம். இங்கே தரும் விலைகள் எல்லாம் தோராயமானவை. வாங்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதல் மாதம் தட்டு வாங்காதீர்கள்

முதலில் காது பழக வேண்டும். அதற்குச் சரியான மூலம் வேண்டும்.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் "ஐம்பதுகளின் சிறந்த பாடல்கள்" என்ற ரகத் தொகுப்புகளைத் தவிருங்கள். பழைய பாடகர்கள் பலர், மூலப்பதிவின் உரிமை தங்களிடம் இல்லாததால், பிற்காலத்தில் மலிவுவிலை நிறுவனங்களுக்காக அதே பாட்டை மறுபடி பாடிக் கொடுத்தார்கள். செயலியில் அதே பெயர், அதே பாட்டு. கேட்டால் உயிர் இருக்காது. கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் உண்டு. அட்டைப்படத்தின் மூலையிலோ பாட்டின் பெயரை அடுத்தோ "மறுபதிவு" என்று சின்ன எழுத்தில் இருக்கும். 1954, 55இல் வந்த பாட்டு அகன்ற ஸ்டீரியோவில் ஒலிக்கும்; 1957க்கு முந்தைய ஆர் அண்ட் பி சிங்கிள்கள் உண்மையான ஸ்டீரியோவில் இருப்பது மிக அரிது. மூன்றாவது, நீளம் பத்து இருபது விநாடி மாறும்.

நம்பி வாங்கக்கூடிய, நூலகத்திலோ பழைய சிடி கடையிலோ கிடைக்கக்கூடிய தொகுப்புகள் இவை. டூ-வாப்புக்கு ரைனோ நிறுவனம் 1993இல் வெளியிட்ட 4 சிடி பெட்டி (101 பாடல்). மெம்ஃபிஸ் சோலுக்கு ஸ்டாக்ஸ்/வோல்ட் சிங்கிள்கள் 1959–1968, 9 சிடி. டெட்ராய்டுக்கு மோடவுன் சிங்கிள்கள் முழுத்தொகுப்பு, 14 பாகம். இது விலை ஏறிக் கிடக்கிறது, முதலிலேயே தேடி அலைய வேண்டாம். லண்டனின் ஏஸ், அதன் துணை லேபிளான (வெளியீட்டுப் பெயரான) கென்ட், ஜெர்மனியின் பேர் ஃபேமிலி ஆகியவற்றின் தொகுப்புகளை அட்டைப்படம் பார்க்காமலே வாங்கலாம். இவற்றோடு வரும் சிறுபுத்தகத்தைத் தூக்கி எறியாதீர்கள். பதிவு நாள், லேபிள், தட்டின் எண், வாசித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பின்னால் தட்டு வாங்கும்போது அதுதான் வரைபடம்.

மலிவான ஐரோப்பியத் தொகுப்புகள் குறித்து ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமைக் காலம் 50 ஆண்டாக இருந்தது. பிறகு 70 ஆக்கினார்கள், ஆனால் 1963க்கு முந்தையவை அதற்குள் பொதுவுடைமை ஆகிவிட்டன. அதனால் யார் வேண்டுமானாலும் அவற்றைப் போடலாம். சில நிறுவனங்கள் மூலநாடாவைத் தொடாமல் வேறொருவரின் சிடியிலிருந்து எடுத்து, இரைச்சலை நீக்குகிறேன் என்று மேல்ஸ்தாயியையும் சேர்த்து நீக்கிவிடுகின்றன. டிரம்மின் சிம்பல் ஒலி சேற்றில் விழுந்த மாதிரி இருந்தால் அந்தத் தொகுப்பை விட்டுவிடுங்கள்.

2. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது

ஒரு பாட்டு இரண்டரை நிமிடம்தான். ஒரே பாட்டை நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பத்துப் பாட்டை ஓடவிடுவதைவிட இது பலன் தரும்.

*ஆர் அண்ட் பி: நடையைப் பிடியுங்கள்.* நியூ ஆர்லியன்ஸில் கோசிமோ மட்டாசாவின் ஜே அண்ட் எம் கூடத்தில் 1949 டிசம்பரில் ஃபேட்ஸ் டாமினோ பதிவு செய்த "தி ஃபேட் மேன்" நல்ல தொடக்கம். முதல் தடவை பியானோவின் இடது கையை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை எர்ல் பால்மரின் டிரம்: 2, 4ஆம் அடிகளில் விழும் பேக்பீட். பிறகு அதே நகரில் 1955இல் லிட்டில் ரிச்சர்ட் பதிவு செய்த "டூட்டி ஃப்ரூட்டி"க்குப் போங்கள். பழைய ஆர் அண்ட் பி திஸ்ர நடையில், மூன்றில் நடுவை விட்டுத் துள்ளிப் போகும். அதற்குப் பெயர் ஷஃபிள். ரிச்சர்டின் வலது கை பியானோவில் அடியை இரண்டு இரண்டாக நேராக வெட்டுகிறது. அந்தக் கைக்கு ஈடு கொடுக்கத்தான் பால்மர் ஷஃபிளை விட்டு நேர் நடைக்குப் போனார். துள்ளல், நேர் என்ற இந்த இரண்டையும் கையால் தட்டிப் பிரிக்க வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதோடு ரூத் பிரவுனின் "டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்" (அட்லாண்டிக் லேபிள், 1950), வைனோனி ஹாரிஸ் கிங் லேபிளில் பாடிய "குட் ராக்கின் டுநைட்" (1948), பிக் ஜோ டர்னரின் "ஷேக், ராட்டில் அண்ட் ரோல்" (அட்லாண்டிக், 1954). பெரும்பாலும் 12 பார் புளூஸ் சுற்று (ஒரு பார் என்பது நான்கு அடி). விரல்விட்டு எண்ணிப் பழகுங்கள்: 4 பார், 4 பார், 4 பார், மறுபடி முதல்.

*டூ-வாப்: குரல்களைப் பிரியுங்கள்.* நான்கு அல்லது ஐந்து குரல்: முன்னணி, மேலே டெனர் ஒன்றோ இரண்டோ, நடுவே பாரிடோன், கீழே பாஸ். மெதுவான பாட்டுகளில் பியானோ திஸ்ரத்தில் மும்மூன்றாக விழுந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் ஸி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நான்கு கார்டு (ஸ்வரக் கூட்டு) சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுற்று பழகிய பிறகு அதைக் கவனிப்பதை விட்டுவிட்டுக் குரல்களுக்குப் போங்கள்.

பாஸ் குரலுக்கு ஸ்பானியல்ஸ் குழுவின் "குட்நைட் ஸ்வீட்ஹார்ட், குட்நைட்" (வீ-ஜே, 1954). ஜெரால்ட் கிரகரி தொடக்கத்தில் தனியாக இறங்கி வருகிறார். அந்த ஒரு வரியை மட்டும் பத்துத் தடவை கேட்கலாம். பின்குரல் எப்படி மூச்சாக மாறுகிறது என்பதற்கு மூன்க்ளோஸ் குழுவின் "சின்சியர்லி" (செஸ், 1954): உதட்டைக் குவித்து ஊதுவதுபோல் ஸ்வரத்தை வெளியே விடுவார்கள். எதிரொலிக்கு ஃப்ளமிங்கோஸின் "ஐ ஓன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ" (எண்ட், 1959). இதை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டுப் பிறகு ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள், ஒற்றை ஸ்பீக்கர்தான் நன்றாக இருக்கும்.

பதிவின் ஓட்டையும் அழகுதான் என்பதற்கு ஃபைவ் சாட்டின்ஸின் "இன் த ஸ்டில் ஆஃப் த நைட்" (1956). கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பதிவானது. சாக்ஸஃபோன் தூரத்திலிருந்து வருவதும், குரல்களைச் சுற்றி ஒரு காற்று இருப்பதும் அந்த அறையால். இதைச் "சுத்தம் செய்து" போட்ட பதிப்புகளில் அந்த அறையே காணாமல் போய்விடும்.

*சோல்: ஊருக்கு ஊர் ஒலி வேறு.* டெட்ராய்டின் மோடவுன் பாட்டுகள் பலவற்றில் ஸ்னேர் (கூரிய ஒலியுள்ள டிரம்) நான்கு அடியிலும் விழும். ஃபோர் டாப்ஸின் "ஐ கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்" (1965) கேளுங்கள், அடியில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பாஸ் கிதார் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸில் இதற்கு நேர்மாறு. பழைய சினிமாக் கொட்டகையைக் கூடமாக்கினார்கள், தரை சரிவு, ஆள் குறைவு, இடைவெளி அதிகம். 1965 மே மாதம் அங்கே வில்சன் பிக்கெட் பாடிய "இன் த மிட்நைட் ஹவர்" பதிவில், அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் அப்போது புழக்கத்தில் இருந்த ஜெர்க் என்ற நடனத்தை ஆடிக் காட்டி அடியைக் கொஞ்சம் தாமதிக்கச் சொன்னார். அல் ஜாக்சனின் ஸ்னேரும் ஸ்டீவ் க்ராப்பரின் கிதாரும் 2, 4இல் ஒரு நூலிழை பிந்தி விழுவதைக் கவனியுங்கள். அலபாமாவின் மஸில் ஷோல்ஸுக்கு, அரீதா ஃப்ராங்க்ளின் 1967 ஜனவரியில் ஃபேம் கூடத்தில் பதிவு செய்த "ஐ நெவர் லவ்ட் அ மேன்". ஸ்பூனர் ஓல்டமின் மின்பியானோ தொடங்கிய நொடியிலேயே ஊர் மாறிவிட்டது தெரியும்.

மூன்று ஊரையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் சட்டென்று பிடிபடும். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் "பழைய பாட்டு" என்று ஒரே குவியலாகிவிடும்.

3. ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள்

ஒரு லேபிள், ஒரு ஊர், அல்லது ஐந்து வருடம். "1954–58 நியூயார்க் குழுக்கள்", "வோல்ட் லேபிள்" என்ற அளவில் போதும். வரம்பு இல்லாமல் இறங்கினால் எதன் விலையும் உங்களுக்குப் பழகாது. பழகாத விலையில்தான் ஏமாறுவோம். தொடங்க மலிவானவை: 1960களின் மோடவுன், அட்லாண்டிக், ஸ்டாக்ஸ் வெற்றிப் பாடல்கள். லட்சக்கணக்கில் அச்சானவை என்பதால் இன்றும் 3 முதல் 15 டாலருக்குள் நல்ல பிரதி கிடைக்கும். விலை ஏறியவை: 1950களின் முற்பாதி டூ-வாப் 45 தட்டுகள். வடக்கு இங்கிலாந்து நடனக் கூடங்கள் தூக்கிப் பிடித்த, அமெரிக்காவில் விற்காமல் போன சோல் தட்டுகளின் விலைக்கு உச்சமே கிடையாது. ஃப்ராங்க் வில்சன் 1965இல் மோடவுனின் "சோல்" என்ற துணை லேபிளில் பாடிய ஒரு தட்டு 2009இல் 25,742 பவுண்டுக்குப் போனது. அந்தப் பக்கம் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

4. கருவி: ஊசிதான் முக்கியம்

சுழல்மேசை 33, 45 இரண்டு வேகமும் ஓடினால் போதும். ஊசியின் அழுத்தத்தைச் சரிசெய்யக்கூடிய பின்பளு (ஊசிக்கையின் பின்முனைக் கனம்) இருக்க வேண்டும். பெட்டிவடிவில் வரும் சூட்கேஸ் பிளேயர்கள் வேண்டாம். அவற்றின் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலை) பெரும்பாலும் 5 கிராமும் அதற்கு மேலும் அழுத்தும். பழைய 45கள் அதைத் தாங்காது.

கார்ட்ரிட்ஜுக்கு ஆடியோ-டெக்னிகா விஎம்95 வரிசையைச் சொல்வேன், ஒரு காரணத்துக்காக: ஒரே உடலில் ஊசியை மட்டும் மாற்றலாம். 45களுக்குக் கூம்புமுனை விஎம்95சி, அழுத்தம் 2 கிராம். பின்னால் 78 தட்டுக்கு (45க்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு) போனால் எஸ்பி என்ற 3 மில் ஊசி, 5 கிராம். 78 தட்டின் பள்ளம் அகலம். 45இன் ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் எடுக்கும், 78 ஊசியை 45இல் வைத்தால் தட்டு பாழ். அழுத்தம் அளக்க 10, 15 டாலருக்கு டிஜிட்டல் தராசு கிடைக்கும், வாங்கிவிடுங்கள். மேசையில் உள்ள எண்களை மட்டும் நம்ப வேண்டாம்.

45இன் நடுத்துளை ஒன்றரை அங்குலம். பிளாஸ்டிக் நடுவளையம் ஒரு டாலருக்குள் வரும். கனமான உலோக வளையம் வாங்கினால் துளை ஆடாமல் நிற்கும்.

மோனோ பொத்தான். இது இல்லாத ஆம்ப்ளிஃபையரில் பாதி இன்பம் போச்சு. இந்தத் தட்டுகள் ஏறத்தாழ எல்லாமே மோனோ; பாட்டு பள்ளத்தில் பக்கவாட்டில் மட்டும் பதிந்திருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும்கீழுமான அசைவையும் சேர்த்துப் படிக்கும். அதில் பாட்டு இல்லை, தேய்மானமும் தூசியும்தான். மோனோ பொத்தானை அழுத்தினால் அது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இரைச்சல் கண்ணெதிரே குறையும். பொத்தான் இல்லையென்றால் கணினியில் பதிந்து இரண்டு சேனலையும் கூட்டிக்கொள்ளலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: மேசைக்குள்ளேயே ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியின் சன்ன ஒலியைப் பெருக்கும் கருவி) இருக்கும், அதை அணைக்காமல் ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ துளையில் செருகிவிடுவார்கள். ஒலி பிளந்து அலறும். தட்டு கெட்டுப்போனது என்று விற்றவரோடு சண்டைக்குப் போகும் முன் பின்பக்கத்து ஸ்விட்சைப் பாருங்கள்.

5. லேபிளையும் வெற்று வளையத்தையும் படிப்பது

தட்டு எந்தப் பதிப்பு என்பதைச் சொல்வது மூன்று: தட்டின் நடுவில் உள்ள லேபிள் காகிதத்தின் வடிவம், தட்டின் எண், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வரும் வெற்று வளையத்தில் உள்ள மேட்ரிக்ஸ் எழுத்து (எந்த அச்சு என்று காட்டும் குறி). மூன்றையும் டிஸ்காக்ஸ், 45கேட் தளங்களின் படங்களோடு ஒப்பிடுங்கள்.

லேபிளின் நிறமும் வடிவமும் காலம் சொல்லும். ஸ்டாக்ஸ் 1968 வரை வெளிர்நீலம். அட்லாண்டிக்கோடு உறவு முறிந்த பிறகு மஞ்சள், சொடக்குப் போடும் விரல். ஆகவே 1966 பாட்டு மஞ்சள் லேபிளில் வந்தால் அது பிந்தைய அச்சு. சில பாட்டுகள் முதலில் ஒரு லேபிளிலும் பிறகு வேறொன்றிலும் வந்தன. ஃபைவ் சாட்டின்ஸ் பாட்டு முதலில் ஸ்டாண்டார்ட் (Standord) என்ற சின்ன லேபிளில் வந்து, பின் எம்பருக்குப் போனது. முதலாவதன் ஆங்கில எழுத்துக்கூட்டே விநோதமாக இருக்கும், அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். புக்கர் டி அண்ட் த எம்ஜிஸின் "க்ரீன் ஆனியன்ஸ்" (1962) முதலில் ஸ்டாக்ஸின் துணை லேபிளான வோல்ட் 102இன் பின்பக்கம், பிறகுதான் ஸ்டாக்ஸ் 127.

பின்பக்கத்தையும் பாருங்கள். கார்ட்ஸ் குழுவின் "ஷ்-பூம்" (கேட் 104, 1954) தட்டின் முதல் அச்சில் மறுபக்கம் "க்ராஸ் ஓவர் த பிரிட்ஜ்". விரைவிலேயே அதை எடுத்துவிட்டு "லிட்டில் மெய்டன்" போட்டார்கள். அதே பாட்டை மெர்குரி லேபிளில் க்ரூ-கட்ஸ் என்ற வெள்ளையர் குழு பாடியதுதான் அதிகம் விற்றது, இன்றும் அதிகம் கிடைப்பது. பாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அதுதான் வந்து சேரும். குழுவின் பெயர், லேபிள், எண் மூன்றும் சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டு பக்கமாக வெட்டப்பட்ட பாட்டுகளும் உண்டு. ரே சார்ல்ஸின் "வாட்'ட் ஐ சே" (1959) 45இல் முதற்பகுதி ஒரு பக்கம், இரண்டாம் பகுதி மறுபக்கம். பாதியில் நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

அனுமதி பெற்ற மறுவெளியீடுகள் தனி: கலெக்டபிள்ஸ், லாஸ்ட்-நைட், ஓல்டீஸ் 45, எரிக், மோடவுன் யெஸ்டர்இயர். இவை மலிவு, கேட்க நன்று, வெட்கப்பட ஒன்றுமில்லை. மூலம் என்ற விலையில் வாங்காமல் இருந்தால் சரி.

கள்ளத்தட்டு வேறு. எச்சரிக்கை மணிகள்: லேபிள் எழுத்து ஓரங்கள் மங்கி, லென்ஸில் பார்த்தால் புள்ளிபுள்ளியாகத் தெரிவது, மூலத்தில் இயந்திரத்தால் குத்திய மேட்ரிக்ஸ் இங்கே கையால் கீறியிருப்பது, அல்லது ஒன்றுமே இல்லாதது, அரிய டூ-வாப் பாட்டு பளபளக்கும் சிவப்பு அல்லது நீல வினைலில் வருவது. 1949இலும் 1950களின் தொடக்கத்திலும் உண்மையான வண்ணத்தட்டுகளும் வந்தன (ஆர்சிஏ 1949இல் ஆர் அண்ட் பி 45களை ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவிலான நிறத்தில் போட்டது), அதனால்தான் கள்ளர்களுக்கு இது வசதி. மேலே சொன்ன ஃப்ராங்க் வில்சன் பாட்டு 1970களில் எடி ஃபோஸ்டர் என்ற பெயர் ஒட்டிக் கள்ளத்தட்டாகவே விற்றது.

6. வினைலா, ஸ்டைரீனா

புதியவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. 45களில் ஒரு பெரும்பகுதி வினைல் இல்லை, ஸ்டைரீன். அச்சில் ஊற்றி வார்த்த பிளாஸ்டிக். சீக்கிரம் தேயும், தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாது. பளபளவென்று இருக்கும் தட்டு ஊசி வைத்ததும் உஸ்ஸென்று சீறும்.

கண்டுபிடிப்பது எளிது. ஸ்டைரீன் வளையாது, விறைப்பு. நகத்தால் தட்டினால் டக்கென்று கூர்மையான ஒலி. வினைலில் ஒலி மந்தம். ஸ்டைரீனின் ஓரம் சதுரமாக வெட்டினாற்போல் இருக்கும், வினைலில் சரிந்து மெலியும். ஸ்டைரீனில் லேபிள் மேலே ஒட்டப்பட்டிருக்கும், சில சமயம் உரிந்தும் வரும். வெற்று வளையத்தில் சின்ன முக்கோணமும் பக்கத்தில் எண்ணும் இருந்தால் லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் தொழிற்சாலை; 1960களின் மோனார்க் அச்சுகள் பெரும்பாலும் ஸ்டைரீன்.

ஒரே தட்டெண் பல தொழிற்சாலைகளில் அச்சானதால் அதே அட்லாண்டிக் பாட்டு வினைலிலும் ஸ்டைரீனிலும் கிடைக்கும். விலை ஒன்றென்றால் வினைலை எடுங்கள். ஸ்டைரீன்தான் கிடைக்கிறதென்றால் கூம்புமுனை ஊசி மட்டும், தேய்ந்த ஊசி கூடவே கூடாது, தட்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றவும் கூடாது. வானொலி நிலையத்திலிருந்து வந்த பிரதிகளில் முதல் இரண்டு விநாடி மட்டும் கரகரக்கும்; அறிவிப்பாளர்கள் அப்படிப் பின்னோக்கிச் சுற்றியதன் தழும்பு அது.

7. தரம், விலை

பெரும்பாலான இடங்களில் கோல்ட்மைன் (அமெரிக்கத் தட்டுச் சேகரிப்பாளர் இதழ்) அளவுகோல்தான்: மிண்ட், நியர் மிண்ட், விஜி பிளஸ், விஜி, ஜி பிளஸ், ஜி, அதற்குக் கீழே. பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. "வெரி குட்" என்ற விஜி கேட்கும்போதே கரகரக்கும் தட்டு. "குட்" என்பது நடைமுறையில் மோசம். நியர் மிண்டின் விலையில் விஜி பிளஸ் ஏறக்குறைய பாதி, விஜி கால், ஜி பத்து முதல் பதினைந்து சதவீதம். தொடங்குகிறவருக்கு விஜி பிளஸ் சரியான இடம்.

விலையை ஒரே ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. டிஸ்காக்ஸில் ஒவ்வொரு தட்டுக்கும் இதுவரை விற்றதில் குறைந்தது, நடுவிலானது, அதிகமானது மூன்றும் தெரியும். பாப்சைக் தளத்தில் பழைய ஏல முடிவுகள் கிடைக்கும்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: கண்ணால் பார்த்துத் தரம் போட்டதா, ஓடவிட்டுக் கேட்டதா? வினைலா, ஸ்டைரீனா? இரண்டு பக்கத்து மேட்ரிக்ஸ் என்ன? லேபிளில் எழுத்து, ஸ்டிக்கர், கிழிசல், துளை உண்டா? வளைவு இருந்தால் ஊசி துள்ளுகிறதா? நல்ல விற்பனையாளர் ஒரு நாளில் பதில் தருவார். கேள்வியைக் கண்டு எரிந்து விழுந்தால் விட்டுவிடுங்கள், வேறு பிரதி வரும். லேபிளில் யாரோ பேனாவால் பெயர் எழுதியிருந்தால் விலை குறையும், ஒலி குறையாது. கேட்பதற்காக வாங்குகிறவருக்கு அது லாபம்.

8. தபால், காகிதங்கள், சுங்கம்

ஒரு 45 தட்டு சுமார் 40 கிராம். ஆனால் அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரே ஒரு தட்டை அனுப்பினாலும் தபால் 20 டாலரை ஒட்டியோ மேலேயோ போகும். பத்துத் தட்டு சேர்த்து அனுப்பினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான். அதனால் ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குங்கள். பலர் இரண்டு மூன்று வாரம் எடுத்துவைத்து ஒன்றாக அனுப்புவார்கள்; பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வந்து சேர மூன்று முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக்கிங் எண் (பொட்டலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்) இல்லாத மலிவுத் தபாலை 10 டாலருக்கு மேற்பட்ட எதற்கும் எடுக்காதீர்கள்.

பொட்டலத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்று விற்பவரிடம் சொல்லிவிடுவது தப்பில்லை: இரு பக்கமும் நெளி அட்டை, ஒன்றின் வரி மற்றொன்றுக்குக் குறுக்காக. 78 தட்டு அரக்கில் செய்தது, கண்ணாடி மாதிரி உடையும். பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டத் தெரியாதவரிடம் அதை வாங்கவே கூடாது.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்: விலை போட்ட இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, டிராக்கிங் எண். பொட்டலத்தின் மேல் "பழைய இசைத்தட்டுகள்", எண்ணிக்கை, உண்மையான விலை, ஹெச்.எஸ். குறியீடு (சுங்கத்தின் பொருள்வகை எண்) 8523.80 இருந்தால் சுங்கத்தில் கேள்வி குறையும். இந்தியாவுக்குக் கூரியரில் வருவதென்றால் கேஒய்சி கேட்பார்கள். ஆதார் அல்லது பான் நகலைத் தயாராக வையுங்கள், அதிலுள்ள பெயரும் பொட்டலத்தின் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். "பரிசு என்று போட்டு அனுப்புங்கள்" என்று கேட்பது வீண். 5,000 ரூபாய் வரை பரிசுப் பொருளுக்கு இருந்த விலக்கை இந்தியா 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டது. பொய்யாகக் குறைத்துப் போட்ட விலையில், தட்டு உடைந்து வந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான். சுங்கவரியும் கூரியரின் கையாளுகைக் கட்டணமும் தனி. மலிவான தட்டுக்கு அந்தக் கட்டணமே தட்டின் விலையைத் தாண்டும் என்பதும் சேர்த்து வாங்கச் சொல்லும் காரணம்.

பேபாலில் "நண்பர், குடும்பம்" என்ற வழியில் பணம் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது. பொருள், சேவை வழியில் கட்டினால் புகார் கொடுக்க 180 நாள் உண்டு.

9. வந்த அன்று

பொட்டலத்தைப் பிரிக்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். உடைப்பு இருந்தால் அதுதான் சான்று. பிறகு லேபிள், மேட்ரிக்ஸ் இரண்டையும் பட்டியலோடு சரிபாருங்கள். கழுவாமல் ஓடவிட வேண்டாம், பள்ளத்துத் தூசி ஊசியோடு உரசித் தட்டை அறுக்கும்.

கழுவக் காய்ச்சி வடித்த நீர், அதில் ஓரிரு துளி மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி அல்லது வெல்வெட் தூரிகை. பள்ளத்தின் வட்டப்போக்கிலேயே துடையுங்கள், வெறும் காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். லேபிள் நனையக் கூடாது. ஸ்டைரீனில் பசை விட்டுவிடும். ஆல்கஹால் கலந்த கழுவுதிரவம் வினைலுக்கு மட்டும். 78இல் பட்டால் அரக்கு கரைந்து பாட்டே போய்விடும், ஸ்டைரீனிலும் தொடாமல் இருப்பது நல்லது.

விற்றவர் சொன்ன தரத்துக்கும் கேட்கும் ஒலிக்கும் பெரிய இடைவெளி இருந்தால் மூன்று நாளுக்குள் எழுதுங்கள். ஒரு நிமிட ஒலிப்பதிவு, லேபிள் படம் இணைத்து மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பாதிப் பணமாவது திருப்புவார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் உங்கள் ஊசியைத்தான் குறை சொல்வார்கள்.

பழைய உறை கிழிந்திருந்தாலும், நிறுவனத்தின் பெயர் அச்சிட்டதென்றால் தூக்கிப் போடாமல் தனியே வையுங்கள்; தட்டைப் புதிய காகித உறையில் போடுங்கள், 100 உறை 15 டாலர் அளவில் வரும். செங்குத்தாக, இறுக்காமல், சாயாமல் நிற்க வேண்டும். வெயில் படும் சன்னல், ஆம்ப்ளிஃபையரின் மேல்பக்கம், மதியம் நிறுத்தி வைத்த கார் மூன்றும் ஆகாது. ஒரு பட்டியல் போட்டு லேபிள், எண், மேட்ரிக்ஸ், வினைலா ஸ்டைரீனா, தரம், கொடுத்த விலை, தபால், சுங்கம் எல்லாவற்றையும் அன்றன்றே குறித்துவிடுங்கள். தபாலையும் சுங்கத்தையும் தட்டுகளுக்குப் பங்கு பிரித்துச் சேர்த்தால்தான் அந்த 5 டாலர் தட்டு உண்மையில் எவ்வளவுக்கு வந்தது என்று தெரியும், அடுத்த பொட்டலத்தில் எத்தனை சேர்ப்பது என்பதும் அதை வைத்துத்தான்.